மகளின் பெயருக்குப் பின்னால் நின்ற கவிஞர்

பிள்ளைகளே, நான் பள்ளிக்கூடத்தில் ஓ/எல் சோதனை வரை மட்டும் படித்தவன். கவிதை பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ரஷ்யாவின் தேசியக் கவி என்று உலகம் கொண்டாடும் ஒருவரோடு எனக்குத் தீராத பகை இருக்கிறது. அவருடைய பெயரை இங்கே எழுத மாட்டேன். அதுதான் என்னுடைய பெயரும்.

என் அப்பா யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர், இடதுசாரி. மொஸ்கோவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்கள் மலிவாக வந்த காலத்தில் அதில் ஒன்றிலிருந்து அந்தப் பெயரை எடுத்து எனக்கு வைத்தார். தகப்பனின் பெயர் பிள்ளைக்குப் பின்பெயராவது எங்கள் ஆட்களின் வழக்கம். ஆகவே லண்டனில் பிறந்த என் மகளின் பெயருக்குப் பின்னால் அந்த மனுசன் வந்து நின்றுகொண்டார்.

மகள் செக்கண்டரி ஸ்கூலுக்குப் போன முதல் கிழமை, உக்ரைனிலிருந்து வந்த பிள்ளை ஒன்று அவளுக்குப் பக்கத்தில் இருந்தது. இருவரும் நல்ல ஒட்டு. ஒருநாள் புதிய ஆசிரியை மகளைப் பின்பெயரோடு கூப்பிட்டார். அந்தப் பிள்ளை புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டது.

"அப்பா, என்ர பேரில இருந்து உங்கட பேரை எடுங்கோ" என்றாள் மகள், வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அடுத்தநாள் பள்ளிக்கூட வாசலில் அந்தப் பிள்ளையின் தாயைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. சண்டைக்கு அது போதுமாக இருந்தது.

"நான் ரஷ்யனா? என் நிறத்தைப் பார்!"

"நிறமா? அவருடைய கொள்ளுப்பாட்டனும் ஆப்பிரிக்காக்காரர்தான்" என்றாள் அவள். "ஆனால் ரஷ்ய ராஜாவுக்கு எதிராக ஒரு சனம் எழும்பினபோது, அடங்கிப் போ என்றுதான் பாட்டெழுதினார். எங்கள் ஊரை ரஷ்யப் படை பிடித்ததும் தெருவில் பெரிய படம் வைத்தார்கள். யாருடைய முகம் தெரியுமா? உன் பெயர்க்காரரின் முகம். அதற்குக் கீழேதான் நான் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்றேன்."

எங்கள் ஊரிலும் படை வந்ததும் முதலில் மாறியது பெயர்ப்பலகைகள்தான். ஆனாலும் அவள்மீது இருந்த கோபம் போகவில்லை. என் பதினொரு வயதுப் பிள்ளை என்ன செய்தது?

அன்றைக்கே அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பா, அந்தாளின்ர பாட்டு ஒண்டாவது வாசிச்சனீங்களே?"

"பாட்டு வாசிக்கேல்லை. முன்னுரை வாசிச்சனான்."

"முன்னுரையோ!"

"ஓமடா. மக்களின்ர கவிஞர் எண்டு கிடந்தது. நல்ல வழுவழுத்த தாள். ஏன், இப்ப என்ன குறைஞ்சு போச்சு?"

ஐம்பது வருடமாக நான் சுமப்பது ஒரு முன்னுரையை. லைப்ரரியில் அவருடைய புத்தகத்தை ஆங்கிலத்தில் எடுத்து அகராதியோடு மல்லுக்கட்டினேன். விருந்து, நடனம், வேலையில்லாத பணக்காரப் பொடியன் ஒருவன் சிநேகிதனைச் சுட்டுக் கொல்கிறான். நூற்று நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு எனக்குப் பொறுமை இல்லை. அழகாக எழுதியிருக்கிறார் என்கிறார்கள். இருக்கட்டும். என் பிள்ளையின் மேசையை வெறுமையாக்கியவருக்கு நான் கைதட்ட ஏலாது.

மகள் பிடித்த பிடியில் நின்றாள். தாத்தாவின் பெயரைப் பின்பெயராக்கப் போகிறாளாம். வினையைச் செய்தவருக்கே மாலை!

"அவள் உங்களை வேண்டாம் எண்டே சொல்லுறாள்?" என்றாள் மனைவி. "இஞ்சேருங்கோ, படிவத்தில கையெழுத்தை வையுங்கோ."

"பள்ளிக்கூடத்தில ஆரும் என்னட்ட உங்களைப் பற்றிக் கேக்கிறேல்லை அப்பா. அந்தாளைப் பற்றித்தான் கேக்கினம்" என்றாள் மகள்.

பெயர் மாற்றப் படிவத்தில் தாய் தகப்பன் இருவரும் சம்மதம் எழுத வேண்டும். தகப்பனின் முழுப்பெயர், பெரிய எழுத்தில். அந்தப் பெயரை அவளிடமிருந்து எடுப்பதற்கு நான்தான் அதை ஒருமுறை முழுதாக எழுத வேண்டியிருந்தது. மகள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வடிவா எழுதுங்கோ அப்பா. இல்லாட்டித் திருப்பி அனுப்பிப் போடுவினம்."

பேனையை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக, வடிவாகத்தான் எழுதினேன்.