பதிவேட்டில் குறைந்த கையெழுத்து

ஃப்ரீமேசன் என்னும் ரகசியச் சங்கத்தின் எங்களூர் லாட்ஜ் வரலாற்றை எழுதும் இளைஞர் பழைய வருகைப் பதிவேட்டை என் மடியில் வைத்தார். கையெழுத்துகள் யாருடையவை என்று நான் சொல்ல வேண்டுமாம். நாற்பத்தொரு பக்கங்கள், கண் எரிந்தது. தாளில் பாச்சை உருண்டை வாசனை.

அப்பா அங்கே செயலாளர்; பதிவேடு அவரோடு வீட்டுக்கு வரும். அறுபதுகளில் தாம்பரத்தில் அந்தக் கட்டடத்தைத் தலைவெட்டிக் கோயில் என்பார்கள். உள்ளே போகிறவர்களின் தலையை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்கள் என்று இரும்புலியூர்ப் பையன்கள் சொன்னதை நம்பினேன். கூட்டம் நடந்த மறுநாள் காலை, அப்பா சவரம் செய்யும்போது, இந்தப் பதிவேட்டில் கையெழுத்துகளை எண்ணுவேன். ஒருமுறை பத்தொன்பது பதினெட்டாகியிருந்தது.

"டாக்டர் அங்கிளை வெட்டிட்டாங்களாப்பா?"

அப்பா சோப்பு நுரையோடு திரும்பினார். "அவரு மதுரைக்கு டிரான்ஸ்பர்டா."

"அடுத்தது உங்களையா?"

"என் தலைய எடுக்க உங்கம்மா ஒருத்தி போதும். போய்ப் பல்லு தேய்."

டாக்டரின் மாற்றலை இளைஞரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார். எழுபதுகளின் ஒரு பக்கத்தில் அவரே நிறுத்தினார்.

"போன மாசம் பதினாறு, இந்த மாசம் பதினஞ்சு. இதுவும் டிரான்ஸ்பரா சார்?"

இரண்டு முறை எண்ணினேன். பதினைந்துதான்.

"இல்ல தம்பி. இது எங்கப்பா."