இரவல் வாங்கிய அடைக்கோழி

தாறாவு வளர்க்கிறவனுக்கு முதலில் வேண்டியது தாறாவு அல்ல, சொந்தத்தில் யாரிடமாவது ஒரு அடைக்கோழி. எங்கள் குன்னத்துகால் பக்கம் வாத்தைத் தாறாவு என்போம். முட்டையை இட்டுவிட்டு அது வயலுக்குப் போய்விடும். உட்கார்ந்து அடைகாக்கும் பொறுமை அதற்குக் கிடையாது. வளர்த்து நொந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம்.

இரவல்

என் கொழுந்தியாள் சரோஜத்தின் வீடு குன்றைத் தாண்டி, இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி. அவளுடைய பன்னிரண்டு கோழிகளில் ஒன்று அடைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தாறாவுகளை வயலிலிருந்து பத்திக்கொண்டுவந்து அடைத்த கையோடு போனேன். கேட்கக் கூச்சப்பட்டு முற்றத்திலேயே நின்றேன். அவளே வெளியே வந்தாள்.

"கோழிக்குத்தானே வந்தீரு அத்தான்? பெண்ணு பாக்க வந்தவன் மாதிரி நாணிட்டு நிக்காம, கூட்டுக்குள்ள கேறி எடுத்துட்டுப் போவும்."

காக்கை

நான்கு நாள் கழித்து அவளுடைய கோழிகள் சாகத் தொடங்கின. கொண்டை நீலம் பாய்ந்து, கழுத்து திருகி, ஏழு போயின. ரப்பர் தோட்டத்தில் காக்கைகளும் விழுந்து கிடந்தன. மிருகாஸ்பத்திரியிலிருந்து ஒரு இளம் டாக்டரம்மா வந்து மாதிரி எடுத்தார். பறவைக்காய்ச்சல் என்று தெரிந்தால் ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் எந்த வளர்ப்புப் பறவையையும் உயிரோடு விடமாட்டார்கள்.

என் வீடு வட்டத்துக்கு வெளியே. என்னுடைய ஐம்பத்தெட்டு தாறாவுகளும் தெம்பாக இருக்கின்றன என்று அவரிடம் மெல்லச் சொன்னேன்.

"முன்னால தாறாவு இதைச் சுமக்கும், சாகாது. அப்புறம் தாறாவும் சாகத் தொடங்கிச்சு. இப்ப காக்கையும் விழுது. இது மாறிக்கிட்டே இருக்குற நோய் மாமா. தெம்பா நிக்குதுன்னு சொல்லாதீங்க, அதுதான் எனக்குப் பயம்."

கீரி

பறவைக்காய்ச்சல்தான் என்று உறுதியானது. வெள்ளை உடுப்புக்காரர்கள் சரோஜத்தின் வீட்டுக்கு வந்தார்கள். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். செத்தது ஏழு, கூட்டில் நாலு. மிச்சம் ஒன்று எங்கே என்று டாக்டரம்மா கேட்டார்.

"கீரி கொண்டு போச்சு" என்றாள் சரோஜம், என் பக்கம் பார்க்காமல். என் தாறாவுகளைக் காப்பாற்றத்தான் சொன்னாள். டாக்டரம்மாவும் நம்பிவிட்டார். ஆனால் கணக்கு தப்பாக நிற்பது எனக்கு ஆகாது. அதோடு, என் முட்டைகள் பாறசாலைக் கடைகளுக்குப் போகின்றன. "கீரி இல்ல. என் வீட்டில அடையிருக்கு" என்றேன். சரோஜம் தலையில் கை வைத்தாள்.

"வருஷம் முழுக்க வாயைத் திறக்காத மனுஷன், இண்ணைக்கு எதுக்கு அத்தான் திறந்தீரு?"

சுவரோரம்

என் வீட்டிலும் மாதிரி எடுத்துப் போனார்கள். முட்டை விற்கக் கூடாது, யாரும் உள்ளே வரக் கூடாது. தாறாவுகள் வழக்கம்போல் இரைந்தன. விறகுப்புரையில் கோழி அசையாமல் அடையிருந்தது. போன் அடிக்கும்போதெல்லாம் என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

கடைசியில் டாக்டரம்மா நேரிலேயே வந்தார். கோழிக்கு நோய் இல்லை, தாறாவுகளுக்கு உண்டு என்றார். வலசை வரும் பறவைகள் எச்சமிடும் வயலில் மேய்ந்திருக்கும் என்றார். "அப்போ கோழி கொண்டு வரல்லியா?" என்று கேட்டேன். அவர் சுவரோரம் வயல் சேறு காய்ந்து கிடந்த என் செருப்பைப் பார்த்தார்.

"மாமா, கோழி எடுக்கப் போனப்ப இதையா போட்டிருந்தீங்க?"

கடைசி ஒன்று

மறுநாள் காலையில் வெள்ளை உடுப்புகள் என் வீட்டுக்கு வந்தன. கோழியும் தப்பவில்லை. தாறாவுகளைப் பிடித்து முடித்து எண்ணினார்கள், ஐம்பத்தேழு. ஒன்று வீட்டுக்குப் பின்னால் ஓடும் தோட்டுக்குள் இறங்கி, கைதைப் புதருக்கடியில் பதுங்கிவிட்டது. இரண்டு பேர் இறங்கித் துரத்தியும் வரவில்லை. அந்த நீரோட்டத்தோடு போனால் கீழே நாலு வீட்டுக்காரர்களின் தாறாவுகள் உண்டு.

தவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு கரையில் குந்தினேன். "பா... பா..." என்றேன். என் சத்தம் கேட்டதும் புதரை விலக்கிக்கொண்டு நேராக என் காலடிக்கு வந்து நின்றது. பிடிக்க வந்த ஆள் கையை நீட்டாமல் நின்றார்.

"எல்லா வீட்டிலயும் ஒளிச்சு வைப்பாங்க அண்ணாச்சி, நான் தேடிப் பிடிப்பேன், நீங்களே கூப்பிட்டா நான் எப்படிப் பிடிக்கது?"

பறவைக்காய்ச்சல் என்று பெயர் வைத்தவரிடம், அது செருப்புப் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் ஸ்டாப் தூரம் போகும் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.