வேலிக்கு வடக்கே மாடுகள்

என் அக்காவின் கணவர் செயாபெலோ வேலி வாயிலில் வேலை பார்த்தார். வடக்கே மௌன் நகரத்திலிருந்து வரும் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திச் சக்கரத்துக்கு மருந்து அடிப்பார். ஆட்களை இறக்கிச் செருப்போடு சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் மிதிக்கச் சொல்வார். பிறகு குளிர்பெட்டியைத் திறந்து பச்சை இறைச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். வடக்கே காட்டெருமைகள் உண்டு. அவற்றிடமிருந்து மாடுகளுக்குக் கோமாரி வரும். தெற்கே இருப்பவை வெளிநாட்டுக்கு விற்கிற மாடுகள். ஆகவே வடக்கிலிருந்து ஒரு துண்டு இறைச்சியோ உயிருள்ள மாடோ வேலியைத் தாண்டக் கூடாது.

நான் வாயிலுக்கு எதிரே எண்ணெய்ச் சட்டி வைத்து மாக்வின்யா என்கிற மாவு உருண்டை பொரித்து விற்றேன். அங்கிருந்து பார்த்தால் அவர் முகம் தெரியும். கூரையில் கூடாரம் கட்டிய வண்டிகள் வரும்போது அது மலரும். விலங்கு பார்க்கப் போய்த் திரும்புகிறவர்கள். களைத்திருப்பார்கள், உடம்பெல்லாம் புகை வாசனை.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று சாவகாசமாகக் கேட்பார்.

"தொத்திறைச்சி."

"மிச்சம் எங்கே?"

மிச்சம் இருக்கும். மாற்றுச் சக்கரத்துக்கு அடியில், தூங்கும் பைக்குள், ஒரு முறை குழந்தையின் அணையாடைக் கட்டுக்குள். கண்டுபிடித்த பிறகு அவர் கோபப்பட்டதே இல்லை. அந்த ஆளைப் பற்றித் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்பதுபோல அமைதியாகிவிடுவார். ஒன்றும் அகப்படாதவர்கள்தான் அவரைத் தொந்தரவு செய்தார்கள்.

ஒலெபிலே அப்படிப்பட்டவன். மௌனில் ஒரு சுற்றுலாக் கம்பெனிக்கு வண்டி ஓட்டி, வழிகாட்டி, கூடாரம் அடித்து, சமைத்தும் போடுபவன். மூன்று வருடமாக அந்த வழியே போய்வந்தான். அவன் பெட்டியில் ஒருநாளும் ஒன்றும் இருந்ததில்லை. கேட்பதற்கு முன்பே இறங்கி மூடியைத் திறந்து வைத்துவிட்டு நிற்பான்.

"கேக்கறதுக்கு முன்னாடி திறக்கிறவன் வேற எதையோ மூடுறான் மச்சான்" என்றார் செயாபெலோ.

அது என்னவென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. வரோனா, அவர் மகள், வாயிலுக்குப் பக்கத்து மருத்துவ நிலையத்தில் தாதி. ஒலெபிலேயைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். செயாபெலோ களியைப் பிசைந்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அக்கா சிரித்துவிட்டாள். "நீங்க அவன் பெட்டியையே கிண்டிக்கிட்டு இருந்தீங்க. அவன் உங்க வீட்டுப் பெட்டியிலேருந்து எடுத்துட்டான்."

பெண்ணுக்குப் பரிசமாக மாப்பிள்ளை வீட்டார் எட்டு மாடு தரவேண்டும் என்று எங்கள் பக்கம் முடிவானது. தாய்மாமன் என்பதால் பேசப் போனவன் நான். ஒலெபிலேயின் ஆட்கள் ஒத்துக்கொண்டார்கள். மாடுகள் இருக்கின்றன, ஆனால் வேலிக்கு வடக்கே இருக்கின்றன, உங்களுக்கே தெரியும், தாண்ட முடியாது, ஈடாகப் பணம் தருகிறோம் என்றார்கள்.

செயாபெலோ கேட்டுவிட்டு, "பணத்தை யார்கிட்டயும் கைமாத்து வாங்கலாம்" என்றார்.

"மாட்டையும்தான் வாங்கலாம்" என்றேன். எங்கள் நாட்டில் எந்தப் பட்டியிலும் பாதி மாடு அடுத்தவருடையதுதான். மேய்க்கக் கொடுத்து வைத்திருப்பார்கள்.

"காதைப் பார்த்தாத் தெரியும். அடையாளத்துக்குப் போட்ட வெட்டு எந்தக் குடும்பத்தோடதுன்னு. நான் போய்ப் பார்க்கணும். பார்க்காம அவங்க ஆட்கள் வந்தா வாசலைத் திறக்க மாட்டேன்."

வரோனா உள்ளேயிருந்து வந்தாள். "திறக்கலைன்னா நான் மௌனுக்குப் போயிடுவேன்பா. மாடும் வேண்டாம், சடங்கும் வேண்டாம். அப்புறம் இந்த வீட்டுக்கு வர மாட்டேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதனால் அவர் நம்பினார். அவளை மட்டும்தான் அவர் எப்போதும் நம்பினார்.

ஒலெபிலே மறுப்புச் சொல்லவில்லை. சீசன் தொடங்குமுன் காட்டுக்குள் பாதைகளையும் கூடார இடங்களையும் பார்த்துவர அவன் முதலாளி வண்டி தருவார். கூடவே வாருங்கள், திரும்பும்போது ஆற்றோரமாக எங்கள் பட்டிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியனுப்பினான்.

குளிர்காலம். லேண்ட் க்ரூஸரின் முன்பக்கம் மூன்று பேர் உட்காரும் ஒரே இருக்கை. பேச்சு முடியாத சம்பந்தத்தில் பெண்ணின் அப்பா பையனோடு நேராகப் பேசுவது முறையில்லை என்பது செயாபெலோவின் கட்சி. ஆகவே நான் நடுவில் உட்கார்ந்தேன்.

"எவ்வளவு தூரம்னு கேளு."

"எவ்வளவு தூரம்ப்பா?"

"சாயங்காலம் போயிடலாம் மாமா."

"சாயங்காலமாம்."

"என் காது நல்லாத்தான் இருக்கு" என்றார் செயாபெலோ.

இருபது வருடம் வேலியைக் காத்தவர் வேலிக்கு அப்பால் காட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. யானைகள் பாதையை மறித்து நின்றன. ஒலெபிலே எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தான். செயாபெலோ யானையைப் பார்க்கவில்லை. ஒலெபிலேயின் கையைப் பார்த்தார்.

"ஏன் அணைச்சான்னு கேளு."

"சத்தம் போட்டா அதுங்களுக்குப் பிடிக்காது மாமா."

"நேரத்தைக் கடத்துறான்" என்று என் காதில் சொன்னார். சொன்னது இருவருக்கும் கேட்டது.

ஒலெபிலே வண்டியின் வாக்கிடாக்கியில் தன் மொழியில் யாருடனோ பேசினான். எங்களுக்கு அந்த மொழி தெரியாது. செயாபெலோ ஒவ்வொரு சொல்லையும் உதட்டுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தார். ஓரிடத்தில் காட்டுநாய்கள் மணலில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கத்தான் உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து வருகிறார்கள் என்றான் ஒலெபிலே. "எதுக்கு இதைக் காட்டுறான்? நான் மாடு பார்க்க வந்தவன்" என்றார் என்னிடம்.

முகாமில் ஒலெபிலே மணலைக் கூட்டிச் சுத்தம் செய்து கூடாரம் அடித்தான். எங்களுக்கு வேலை வைக்கவில்லை. மாட்டிறைச்சியை உப்புப் போட்டு வேகவைத்து, கட்டையால் இடித்து, களியோடு கொடுத்தான். நன்றாக இருந்தது. செயாபெலோ இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு, "இவ்வளவு நல்லா ஏன் சமைக்கிறான்?" என்றார்.

அவன் தண்ணீர் கொண்டுவரப் போனபோது அவர் குளிர்பெட்டியைத் திறந்து கையை விட்டுத் துழாவினார்.

"இங்கே இறைச்சி வச்சிருந்தாத் தப்பில்லை மச்சான். இது வடக்கு" என்றேன்.

"தெரியும். பழக்கம்."

மறுநாள் ஆற்றோரப் பாதையில் கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் பாதை தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போனது. தெளிந்த தண்ணீர். அடியில் புல் இன்னும் பச்சையாக நின்றது.

"வெள்ளம் வந்துடுச்சு. வண்டி போகாது" என்றான் ஒலெபிலே.

செயாபெலோ இறங்கி ஓரத்தில் நின்றார். வானத்தைப் பார்த்தார். நாங்கள் தெற்கத்திக்காரர்கள். தண்ணீர் என்றால் எங்களுக்கு மழை. மழை பெய்து மாதங்கள் ஆகியிருந்தன. புழுதியில் எல்லோருக்கும் உதடு வெடித்திருந்தது.

"மழை இல்லாம வெள்ளமா? கேளு."

"மழை அங்கோலாவில பெய்யுது மாமா. மெதுவா நடந்து வந்து சேர இவ்வளவு மாசம் ஆகும். ஒவ்வொரு வருஷமும் வரும்."

"ஒவ்வொரு வருஷமும் வரும்னா, இந்த வருஷமும் வரும்னு இவனுக்குத் தெரியும்" என்றார் செயாபெலோ. யாரிடமும் இல்லை. தண்ணீரிடம்.

ஒலெபிலே வண்டியைத் திருப்பினான். முகாமுக்கே திரும்பினோம்.

விடிந்ததும் செயாபெலோ என்னை உலுக்கினார். கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துப்போய் மணலைக் காட்டினார். பிளந்த குளம்புகளின் தடம். பக்கத்தில் சாணி, ஆவி அடங்காமல். குனிந்து குச்சியால் கிளறி முகர்ந்தார்.

"மாடு" என்றார். பல வருடமாக அவரிடம் பார்க்காத சந்தோஷம் அந்த முகத்தில். "காட்டுக்கும் பட்டிகளுக்கும் நடுவுல இங்கே இன்னொரு வேலி இருக்கு, அதை யானை சாய்ச்சிருக்கும். அது வழியா உள்ளே ஓட்டிவிட்டு இங்கே ஒளிச்சு மேய்க்கிறான். அதான் பட்டிக்குக் கூட்டிட்டுப் போகலை. காட்டெருமை நடுவுல மாடு மச்சான். இதைவிடப் பெரிய குத்தம் இல்லை."

"அவன்கிட்ட கேக்கலாமே."

"கேட்டா ஓட்டிட்டுப் போயிடுவான்."

நடந்தார். நான் தேநீர்க் குவளையோடு பின்னால் போனேன். அவர் மாடுகளுக்கு நடுவே பிறந்தவர். சாணியை, குளம்பை, முறிந்த புல்லை அவருக்குத் தெரியும். தெரிந்ததாலேயே சந்தேகம் வரவில்லை. புதருக்கு அப்பால் சேற்றில் கரிய முதுகு ஒன்று தெரிந்தது. அதன்மேல் சிறு பறவைகள்.

"யாரோட எருதுன்னு காதைப் பார்த்துச் சொல்றேன்" என்றார். பிறகு உதட்டைக் குவித்து, பட்டியில் மாட்டைக் கூப்பிடுவதுபோல நீளமாக விசிலடித்தார்.

அது எழுந்தது. நெற்றியில் இரண்டு கொம்பும் சேர்ந்து ஒரே பாறையாக இருந்தது. காது அந்தக் கொம்புக்கு அடியில் கிழிந்து தொங்கியது. அந்தக் காதில் யாரும் கத்தி வைத்திருக்க முடியாது.

குவளையைப் போட்டுவிட்டு நான் பக்கத்துக் கரையான் புற்றில் ஏறினேன். செயாபெலோ எனக்கு முன்பே அங்கே இருந்தார். காட்டெருமை புற்றடியில் வந்து நின்று மூச்சுவிட்டது. கடன் கொடுத்தவன் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தது. பயத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.

"நம்ம எருதை இன்னொரு தடவை கூப்பிடுங்க மச்சான்."

"வாயை மூடு."

வண்டிச் சத்தம் கேட்டது. ஒலெபிலே புற்றுக்கும் விலங்குக்கும் நடுவே வண்டியை மெல்லக் கொண்டுவந்து நிறுத்தினான். கதவைத் தட்டித் தட்டி அதைப் புதருக்குள் போகவைத்தான். நாங்கள் இறங்கி ஏறிக்கொண்டோம். அவன் சிரிக்கவில்லை. ஏன் போனீர்கள் என்றும் கேட்கவில்லை.

மோப்பானே மர நிழல் வந்ததும் செயாபெலோ வண்டியை நிறுத்தச் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. அவனிடமே சொன்னார்.

"நீ ஏன் சிரிக்கலை? இவன் சிரிச்சான், என் சொந்த மச்சான்."

ஒலெபிலே சுக்கானைப் பிடித்தபடி இருந்தான்.

"வெள்ளம் வந்திருக்கும்னு தெரியும் ஐயா. தெரிஞ்சுதான் அந்தப் பாதையில கூட்டிட்டு வந்தேன். மௌன் பக்கம் திரும்பிப் போய்ப் பாலம் வழியா வந்தா பட்டிக்குக் காஞ்ச பாதை இருக்கு."

நான் வெளியே பார்த்தேன்.

"ஏன்?"

"எட்டு இல்லை. அஞ்சுதான் என்னோடது. எங்க மாமா, பக்கத்துப் பட்டியில மூணு வாங்கி நிறுத்திடலாம், தெற்கத்திக்காரருக்கு என்ன தெரியப் போகுதுன்னாரு. நீங்க காதைப் பார்ப்பீங்கன்னு எனக்குத் தெரியும். நிறுத்த வேண்டாம்னுட்டேன். அஞ்சைக் காட்டவும் பயமா இருந்துச்சு. வெள்ளத்தைக் காட்டிட்டுத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடலாம்னு நினைச்சேன்."

செயாபெலோ அவனை முதல் முறையாக முகத்துக்கு நேராகப் பார்த்தார். கோபம் வருமென்று நான் காத்திருந்தேன். வரவில்லை.

"காஞ்ச பாதையில போ" என்றார்.

பட்டிக்குப் போகும்போது சாயங்காலம். முள் அடைப்புக்குள் மாடுகள் இருந்தன. குளிர்காலத்து மாடுகள், எலும்பு தெரிந்தது. செயாபெலோ ஒவ்வொன்றின் உதட்டையும் விலக்கி ஈறைப் பார்த்தார். காலைத் தூக்கிக் குளம்பு நடுவில் விரலை விட்டார். காதுகளை மடித்துப் பார்த்தார். ஒன்றின் வெட்டு வேறு மாதிரி இருந்தது.

"இது?"

"அண்ணனோடது ஐயா. அதைச் சேர்க்காம அஞ்சு."

"மிச்சம் மூணு?"

"பிறக்கணும்."

"எப்போ?"

"காளை இருக்கு."

செயாபெலோ கொஞ்ச நேரம் காளையைப் பார்த்தார். பிறகு மடக்குக் கத்தியை எடுத்துத் தீயில் காட்டினார். ஒலெபிலே மாட்டைப் பிடித்துக்கொண்டான். அவர் குடும்பத்து வெட்டு, வலது காதின் அடியில் ஒரு சின்ன முக்கோணம். ஐந்துக்கும் போட்டார். அவருக்கும் அவனுக்கும் கையெல்லாம் ரத்தம்.

"இப்போ இது என் மாடு. தெற்கே வராது, வர விடவும் மாட்டேன். உன் பட்டியிலேயே நிக்கட்டும். நீ மேய்க்கிற. ஒண்ணு குறைஞ்சாலும் உன்னைத்தான் கேப்பேன்." என் பக்கம் திரும்பினார். "அவங்க ஆட்களை வரச் சொல்லு. வாசல் திறந்திருக்கும்."

வரோனாவுக்கு நான்தான் போன் செய்தேன். "அப்பா என்ன கண்டுபிடிச்சாரு?" என்று கேட்டாள். சொன்னேன். "அப்பாடா" என்றாள்.

கல்யாணம் ஆனது. செயாபெலோ ஓய்வு பெற்றார். ஒவ்வொரு குளிர்காலமும் கூடாரம் கட்டிய வண்டியில் மருமகனோடு வடக்கே போகிறார். நான் இப்போதும் நடுவில்தான் உட்காருகிறேன், ஆனால் பேச்சு என்னைத் தாண்டிப் போகிறது. மாடுகளை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். அவர் காட்டுக்குள்ளும் போய்த் தங்கவேண்டும் என்கிறார். நோய் எங்கே இருக்கிறதென்று பார்க்கவேண்டுமாம்.

இந்த வருடம் ஒரு கிடாரி குறைந்தது.

"சிங்கம் ஐயா. காட்டு வேலி சாய்ஞ்ச இடத்துல வெளியே வந்து பிடிச்சுட்டு உள்ளே போயிடுச்சு."

"எந்தச் சிங்கம்?"

"கரையோரத்துல ஒண்ணு இருக்கு. வயசான ஆண்."

"காட்டு."

மறுநாள் முற்பகல் காட்டினான். தண்ணீருக்குப் பக்கத்தில் நிழலில் மல்லாந்து கிடந்தது. சுற்றிலும் சுற்றுலா வண்டிகள், காமிராக்கள், கிசுகிசுப்பு. செயாபெலோ மருமகனின் தொலைநோக்கியை வாங்கிச் சிங்கத்தின் வயிற்றைப் பார்த்தார்.

"நிறைஞ்சிருக்கு பாருங்க" என்றான் ஒலெபிலே.

"நிறைஞ்சிருக்கு. என் மாட்டாலதான்னு என்ன சாட்சி?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

"எழுந்திரிக்கட்டும். பக்கவாட்டுல பார்க்கணும்."

அது எழுந்திருக்கவில்லை. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. ஒலெபிலே எஞ்சினை அணைத்தான். நாங்கள் இருந்தோம்.