எங்கள் நடைக்கு ஒரு சிலை

எங்கள் பள்ளிக்கூட வளவில் பெண்பிள்ளைகளுக்காக ஒரு சிலை வைக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் எங்கள் ஆங்கில டீச்சர். மட்டக்களப்பிலிருந்து வந்து கல்முனையில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பதினைந்து வயது. மேல்வகுப்பில் நாங்கள் ஏழு பெண்கள். டீச்சர் சொன்னதும் ஏழு பேரும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிலை வைக்கிற அளவுக்கு நாங்கள் என்ன செய்துவிட்டோம்?

நடந்தோம். அவ்வளவுதான்.

அப்போதெல்லாம் எங்கள் ஊரில் பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் அதோடு படிப்பு முடிந்தது. எங்கள் ஏழு பேரின் வாப்பாமாரும் எப்படியோ இளகி, ஒரு நிபந்தனையோடு எங்களை அனுப்பினார்கள். நாலு பக்கமும் சீலை கட்டிய மாட்டு வண்டியில் போக வேண்டும், அதிலேயே திரும்ப வேண்டும். கூடைக்குள் சூடை மீன் அடுக்கியது மாதிரி நாங்கள் அதற்குள் இருப்போம். வெளியே தெரு என்று ஒன்று இருப்பது சத்தத்தால் மட்டும் தெரியும். ஒருநாள் வண்டிக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். "அவர் எழும்புமட்டும் வீட்டில இரிங்க" என்றார்கள். எங்கள் தம்பிமாரும் அண்ணன் முறைக் காக்காமாரும் வழக்கம்போலப் போய்வந்தார்கள். இரண்டு நாள் பார்த்தோம். மூன்றாம் நாள் ஏழு பேரும் கறுப்புக் குடைகளை முகத்துக்கு நேரே சரித்துப் பிடித்துக்கொண்டு பெரிய தெருவால் நடந்தே போனோம். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். ஏச்சு விழுந்தது, சிலருக்கு வீட்டில் அடியும் விழுந்தது. மறுநாளும் நடந்தோம். வண்டிக்காரர் குணமாகி வந்தபோது வண்டியில் ஏற ஆளில்லை.

"ஆம்பிளப் பிள்ளையளுக்கு இருக்கிற தெரு உங்களுக்கும் இருக்கெண்டு காட்டினீங்க. அதுக்கு இந்த வளவுக்குள்ள ஒரு அடையாளம் வேணும்" என்றார் டீச்சர். புது வகுப்பறை கட்டி மிஞ்சிய சீமெந்து மூலையில் கிடந்தது. தலைமை ஆசிரியர் பயந்த சுபாவம். டீச்சர் வேகமாகக் கதைத்தால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார். அப்படித்தான் இதற்கும் ஆட்டினார்.

டீச்சர் கூட்டிவந்த சிற்பி திருக்கோவில் பக்கத்தவர். கோயில்களுக்குச் சீமெந்து உருவங்கள் செய்கிறவர். இரண்டு வாரம் கழித்து ஒரு பனையோலைப் பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் வைக்கோலுக்கு நடுவே ஒரு சாண் உயரத்தில் ஒரு பெண். சீமெந்தில் செய்யப்போவதற்கு மாதிரியாகச் சுடாத களிமண்ணில் செய்து வெயிலில் காயவைத்திருந்தார். தலையில் முக்காடு, நெஞ்சோடு அணைத்த புத்தகம், முன்னுக்கு எடுத்து வைத்த ஒரு கால். நாங்கள் கூச்சல் போட்டுக்கொண்டு பாய்ந்தோம். மூக்கு என்னுடையது என்றேன் நான். கழுத்து தன்னுடையது என்றாள் எங்களில் உயரமானவள். ஏழு பேரும் அந்த ஒரு சாண் பெண்ணைப் பங்குபோட்டு முடிக்கையில் தலைமை ஆசிரியர் வந்தார்.

"யா அல்லாஹ்! இதுக்குத் தலை இரிக்கே!"

"ஓம் சேர், ஆள் எண்டா தலை இருக்கும்தானே" என்றார் சிற்பி.

"எங்கட மார்க்கத்தில உருவம் கூடாது. தலைய மட்டும் எடுக்கேலாதா?"

"தலையில்லாத பொம்பிளை நடந்து வந்தா சின்னப் பிள்ளையள் பயந்திருவாங்க, சேர்."

உருவம் கூடாது என்பது எங்களுக்கும் தெரியாததல்ல. ஆனால் அவளைக் கண்ட பிறகு அதை நினைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அவளைக் காரியாலய அறையில் ஒளித்துவைத்து, இடைவேளைக்கு இடைவேளை போய்ப் பார்த்துவந்தோம்.

நாலாம் நாள் என் மாமா வந்தார். உம்மாவின் மூத்த காக்கா, பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்கார், பள்ளிக்கூடச் சங்கத்துக்கும் அவரே தலைவர். அவர் குரல் வாசல் படலையடியில் கேட்டபோது உயரமானவள் அறைக்குள் அந்தப் பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அலுமாரி பூட்டியிருந்தது. மேசை லாச்சி சிறியது. மூலையில் குடிதண்ணீர்ப் பானை இருந்தது. அவள் மூடியைத் திறந்தாள், போட்டாள், மூடினாள். யன்னல் வழியாக வெளியே குதித்து எங்களோடு சேர்ந்துகொண்டாள்.

"சிலை வெக்கப் போறீங்க எண்டு ஊரெல்லாம் கதை. எங்க அது? காட்டுங்க பாப்பம்" என்றார் மாமா.

"சிலையா? அப்பிடி ஒண்டும் இல்லையே" என்றார் தலைமை ஆசிரியர்.

மாமா நம்பவில்லை. நாற்காலியில் அமர்ந்து, உருவம் ஏன் கூடாது என்று ஒரு மணித்தியாலம் விளக்கினார். நாங்கள் யன்னலுக்குக் கீழே குந்தியிருந்து கேட்டோம். தொண்டை காய்ந்தபோது தேத்தண்ணி கேட்டார். பியோன் வந்து அந்தப் பானையிலேயே தண்ணீர் மொண்டுகொண்டு போனதை எட்டிப் பார்த்த நான் உயரமானவளின் கையைக் கிள்ளினேன். அவள் சிரிப்பை அடக்க என் தோளைக் கடித்தாள். சாயம் கடுமையாக ஊற்றிய தேத்தண்ணி. நிறத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மாமா சீனியைக் கடித்துக் கடித்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"என்ன இது, தேத்தண்ணி மண் மணக்குது?"

"புதுப் பானை, மரைக்கார். அதுதான்."

மாமா தானே எழும்பிப் போய் மூடியைத் திறந்தார். உள்ளே உழுத வயலில் நிற்கிற தண்ணீர். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் துழாவினார். ஒரு சிறு புத்தகமும் ஒரு காலும் அவர் கையோடு வந்தன.

"இது என்ன?"

யன்னலுக்கு வெளியே இருந்த என் வாய்தான் திறந்தது.

"சிலை, மாமா."

"எங்க மற்றது?"

"நீங்க குடிச்சிட்டீங்க, மாமா."

தலைமை ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். மாமா வெறுங்கோப்பையைப் பார்த்தார், கையிலிருந்த காலைப் பார்த்தார். பிறகு அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. அது நெஞ்சுக்கு ஏறி, தாடிக்கு ஏறி, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. கண்களைச் சால்வையால் துடைத்துக்கொண்டு, "மறிக்க வந்தன். அவள் எனக்குள்ளேயே போய்க் குந்திற்றாள்!" என்றார்.

போகும்போது மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டார். "கேளுங்க புள்ளையள். உருவம் வேணாம். அதில மாத்தமில்ல. உருவமில்லாம என்ன செஞ்சாலும் நான் குறுக்க வாற இல்ல."

அடுத்த ஒரு வாரம் வகுப்பில் பாடம் ஏறவில்லை. புத்தகம் செய்யலாம் என்றாள் ஒருத்தி. காகம் எச்சம் போடும் என்று விட்டோம். வண்டிச் சில்லு என்றாள் இன்னொருத்தி. வண்டியை விட்டு இறங்கியதற்கு வண்டியையே வைப்பதா என்று சண்டை. கடைசியில் குடை என்று முடிவாகி, சிற்பி படம் வரைந்து தந்தார். காளான் மாதிரியே இருந்தது. நாங்கள் அதைக் காளான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் அவருக்குக் கோபம்கூட வந்தது. ஆனாலும் வேலையைத் தொடங்கினார். குடைக்காம்பு நடுவதற்காகப் படலைக்கு உள்ளே நிலத்தில் கொஞ்சம் சீமெந்துக் கலவை போட்டு மட்டம் பார்த்துவைத்தார்.

உயரமானவள் காளானைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு பின்னால் பார்த்தபடி நடந்து வந்தவள், அதற்குள் இரண்டு வெறுங்காலையும் வைத்துவிட்டாள்.

"மெல்ல வெளியால வா, மகள்" என்றார் சிற்பி. அவள் வந்தாள். தடத்தை அழிக்கச் சாந்தகப்பையை எடுத்தவர் அப்படியே குந்தியிருந்தார். பத்து விரலும் தெளிவாக விழுந்திருந்தன. "டீச்சர், இஞ்ச வந்து பாருங்க. இதையே வெச்சா என்ன?" என்றார்.

மாமா பள்ளிவாசல் லெப்பையிடம் போய்க் கேட்டுவந்தார். காலடி உருவமல்ல, ஆள் கடந்து போனதற்கு அடையாளம்தான் என்று லெப்பை சொல்லிவிட்டாராம்.

இப்படியே ஒன்றரை மாதம் போனபின் ஒரு விடுமுறைக் காலையில், படலையிலிருந்து வகுப்பறையைப் பார்த்து நீளமாகக் கலவை போட்டார்கள். ஒவ்வொருத்தியாகக் கால் வைத்தோம். குளிர்ந்து, விரலிடுக்கால் பிதுங்கி, கூசியது. ஒருத்தி சிரித்துச் சிரித்து விழப் போனாள். டீச்சர் தாங்கிப் பிடித்தார். ஆறு சோடி முடிந்தது. ஏழாமவள் இல்லை. கலியாணம் பேசி முடித்து ஒரு மாதத்துக்கு முன்தான் அவளைப் படிப்பை நிறுத்தி வீட்டில் வைத்திருந்தார்கள்.

"வெயில் ஏறுது. இன்னும் அரை மணித்தியாலம்தான் பதம் இருக்கும்" என்றார் சிற்பி.

நானும் உயரமானவளும் ஓடினோம். குடையை மறந்து, செருப்பை மறந்து, கணுக்கால்வரை சீமெந்தோடு பெரிய தெருவால் ஓடினோம். ஏழாமவள் வீட்டுக்குள் மூச்சிரைக்க நுழைந்தால், அங்கே பாயில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர் அவளுடைய மாமியாராக வரப்போகிறவர்.

"என்ன புள்ளையள் இந்தக் கோலம்?"

"இவவக் கூட்டிப் போக வந்த, மாமி. பள்ளிக்குடத்தில கால் வெக்கணும்" என்றாள் உயரமானவள்.

தோழியின் உம்மா வெளிறிப்போனார். மாமியார் எங்கள் கால்களைப் பார்த்தார், தன் மருமகளின் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும்பினார். "வாங்க, நானும் வாறன். அது என்ன கால் எண்டு பாக்கணும்."

தோழி கால் வைத்தபோது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு. பார்த்துக்கொண்டு நின்ற மாமியார் திடீரென்று, "நானும் ஒண்டு வெக்கட்டா?" என்றார். யாரும் பதில் சொல்லுமுன் எதிர்ப்பக்கத்திலிருந்து சீலையை உயர்த்திக்கொண்டு இறங்கிவிட்டார். எங்கள் எல்லாருடைய கால்களும் வகுப்பறையைப் பார்த்திருந்தன. அகலமான அந்த ஒரு சோடி மட்டும் படலையைப் பார்த்திருந்தது.

மத்தியானம் மாமா வந்து கைத்தடியால் சுட்டிச் சுட்டி எண்ணினார்.

"ஏழெண்டு சொன்னீங்க, எட்டு இரிக்கி. இது ஆரு, மற்றப் பக்கம் போறது?"

மர நிழலில் இருந்த மாமியார் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "அது நான்தான் மரைக்கார். மருமகளப் பள்ளிக்குடத்தில உட்டுட்டு ஊட்டுக்குப் போறன்."

நாங்கள் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன.

அடுத்த வாரம் தோழி வகுப்புக்கு வந்து என் பக்கத்தில் அமர்ந்தாள். விட்டுப்போன ஒரு மாதப் பாடத்தையும் என் கொப்பியைப் பார்த்து எழுதினாள். என் பிழைகளையும் சேர்த்தே எழுதினாள். அவளுடைய கலியாணம் கடைசிச் சோதினை எழுதி முடிந்த பிறகுதான் நடந்தது.