அந்தக் குழாய் சிவக்கவில்லை

டாக்டர், நீங்கள் என்னிடம் ஒரு பொய்யைக் கேட்டு வாங்கினீர்கள். நான் கொடுத்தேன். மறுக்கவில்லை.

செம்பூர் ஆய்வகத்தில் உங்களிடம் வேலை பார்க்கும் டெக்னீஷியன் நான். நாய்களிடமிருந்து தொற்றும் நாய்ப்புழுவால் கல்லீரலில் கட்டி வந்தவர்களை ரத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பது நம் ஆராய்ச்சி. செல்கள் ரத்தத்தில் விடும் நுண்ணிய பைகள்தான் எக்சோசோம்கள். அவற்றுக்குள் இருக்கும் வளைய ஆர்.என்.ஏ நோயாளிகளிடம் கூடியிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ரத்தமும் வேண்டும்.

நோயில்லாதவர் என்று எழுதுமுன் கல்லீரலை ஸ்கேன் செய்ய வேண்டும். நான் செய்யவில்லை! தாராவியில் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த எங்கள் சபையாரிடமே ரத்தம் எடுத்தேன். ஸ்கேனுக்காக வேலையை விட்டுவிட்டு யார் செம்பூர் வருவார்கள்? எல்லாரும் நன்றாகத்தானே நடமாடுகிறார்கள்... அப்படித்தான் நினைத்தேன்.

கறிக்கடைக்குப் பின்னால் குடியிருக்கும் எஸ்தர் அக்கா சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

"எடுலே செல்வா. தெருநாய்க்கெல்லாம் சோறு போடுதேன், எனக்கு என்ன நோவு வந்துரப் போவுது?"

அவள் ரத்தத்தில் அந்த ஆர்.என்.ஏ நோயாளிகளைப் போலவே ஏறியிருந்தது. உங்களிடம் காட்டினேன்.

"ஹெல்தி ஆளுக்கு எப்படிப்பா இவ்ளோ ஏறும்? ட்யூப் கெட்டிருக்கும். சீரம் சிவப்பா இருந்துதோன்னோ?"

உறைந்த ரத்தத்துக்கு மேலே பிரிந்து நிற்கும் மஞ்சள் நீர்தான் சீரம்; ரத்த அணுக்கள் உடைந்தால் அது சிவக்கும். அப்படிச் சிவந்த குழாயைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிடலாம். அக்காவின் குழாய் சிவக்கவில்லை. தெளிந்த மஞ்சள்!

"ஆமா சார், சிவப்புதான்" என்றேன்.

ஸ்கேன் எடுக்காதது வெளியே வந்துவிடுமே என்ற பயம் எனக்கு. உங்களுக்கு என்ன பயம்? ஸ்கேன் எங்கே என்று ஒரு வார்த்தை ஏன் கேட்கவில்லை? கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்றா?

இப்போது அக்காவின் கல்லீரலில் இளநீர் அளவுக்குக் கட்டி. ஆபரேஷனுக்குக் காத்துக் கிடக்கிறாள். நேற்று ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்பமே தெரியுமாலே உனக்கு?"

அவ்வளவுதான் கேட்டாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அடித்திருக்கலாம்...

நான் அழுது மன்னிப்புக் கேட்பேன் என்று பார்க்காதீர்கள். வேலையை விட்டுத் துரத்துங்கள், போகிறேன். தாராவியில் இனி ஒருவரும் என்னிடம் கை நீட்ட மாட்டார்கள். அதற்கும் நான் தகுதியானவன்தான். ஆனால் தனியாகப் போக மாட்டேன்!

இந்தச் சோதனையின் பெருமையைப் பேச அடுத்த வாரம் மேடை ஏறுகிறீர்கள். முன்வரிசையில் அக்காவின் மகளோடு நான் உட்கார்ந்திருப்பேன். மைக்கைப் பிடித்து எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் டாக்டர்: நாம் தள்ளிய குழாய் யாருடையது? அது என்ன நிறம்?