புழு வராத ஜம்பு

பழத்தைப் பிட்டுப் பார்த்துப் புழு இருக்கிறதா என்று எழுதுவதும் ஓர் உத்தியோகம்தான்; அந்த வேலையில் மாட்டியவர்களுக்குத்தான் அதன் குழப்பம் புரியும். ஜப்பான்காரன் காலத்தில், ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, ஆட்களின் பெயர் கூப்பிட்டுக் கணக்கெழுதிக்கொண்டிருந்த என்னை விவசாய ஆபீசில் போட்டார்கள். பூச்சிமருந்து வரும் கப்பல் நின்றுபோயிருந்தது. மணி மாதிரித் தொங்கும் நீர்ப்பழமான ஜம்புவில், மருந்தில்லாமலே தாங்குகிற ரகம் எது என்று வீடு வீடாகப் பார்த்து எழுத வேண்டும். புழு விழுந்த மரத்தை வெட்டி, அந்த இடத்தில் மரவள்ளி நடுவார்கள்.

சிவப்பா, பச்சையா?

மலாக்காவின் காஜா பேராங் வட்டாரத்தில் முதல் வீட்டில் சிவப்பு ஜம்புவில் புழு, பச்சை சுத்தம். 'சிவப்பு ஆகாது' என்று எழுதினேன். அடுத்த வீட்டில் பச்சையில் புழு, சிவப்பு சுத்தம். அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். மூன்றாவது வீடு ஒரு மாட்டுவண்டிக்காரருடையது. அங்கே இரண்டிலும் புழு. நான் தாளையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு அவர் சொன்னார்: "எந்த மரத்தைக் காப்பாத்தணும்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு வந்திருந்தா, இவ்வளவு சிரமம் இல்லையே, கிராணியாரே."

கை எட்டும் கிளை

நாலாவது வீடு லெட்சுமி அம்மாவுடையது. மலாக்கா செட்டிக் குடும்பம்; பூர்வீகம் தமிழ், பேச்செல்லாம் மலாய். அவருடைய சிவப்பு ஜம்புவில் தாழ்ந்த கிளைகளின் ஒவ்வொரு காயும் வாழைச் சருகில் பொதிந்திருந்தது. பிரித்த பழமெல்லாம் சுத்தம். ஏணி வைத்து உச்சிக் கிளையில் பறித்தால் அத்தனையும் புழு. ஒரே மரத்தை 'தாங்கும்', 'ஆகாது' இரண்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அடுத்த மாதம் பார்ச்சுப் படையல், முன்னோருக்கு இந்த மரத்துப் பழத்தைத்தான் படைக்க வேண்டும், வெட்டாதே என்றார். என் குழப்பத்தைச் சொன்னேன். அது அவருக்குப் புரியவே இல்லை. "கை எட்டின காய்க்குச் சருகு கட்டினேன், எட்டாததுல ஈ முட்டை வச்சுது. இதுல மரம் என்ன பண்ணுச்சு, கிராணி?" என்று மலாயில் கேட்டார்.

பெயர் கேட்ட அதிகாரி

இரண்டு கட்டத்திலும் எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் ஜப்பான் அதிகாரியே மொழிபெயர்ப்பாளரோடு வந்துவிட்டார். லெட்சுமி அம்மா ஒரு பொதியைப் பிரித்துப் பழத்தை நீட்டினார். அதிகாரி கடித்தார். புழு இல்லை. ரகத்தின் பெயர் என்ன என்று என்னைக் கேட்டார். உச்சியை நிமிர்ந்து பார்த்துவிடுவாரோ என்று பயந்து முந்திக்கொண்டேன். வாய்க்கு வந்தபடி "சருகு ஜம்பு" என்றேன். மரத்தை வெட்டக்கூடாது, எல்லா வீட்டிலும் இதன் கிளையையே நட வேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்த வருஷம் பார்ச்சு குறையில்லாமல் நடந்தது.

நட்ட கிளைகள் காய்ப்பதற்குள் ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள். காய்த்தபோது எல்லாவற்றிலும் புழு. வண்டிக்காரர் ஒரு கூடைச் சொத்தைப் பழத்தை என் வாசலில் கொண்டுவந்து வைத்தார். "அந்தம்மா வீட்டு மரந்தானே இது, அங்க வராத புழு எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் வருது?"

எந்த ரகத்துக்குப் புழு வராது என்று இன்று கேட்டாலும், லெட்சுமி அம்மாவின் கை எட்டுகிற ரகத்துக்கு என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியாது.