வள்ளம்போலக் கழுவிய வண்டி

இங்கே அயர்லாந்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் பிரெண்டன் ஒரு வாரமாக மழையில் நடந்து பஸ் பிடிக்கப் போகிறார். அவருடைய கார் வாசலில் நல்லபடியாக நிற்கிறது, ஓடவும் செய்கிறது. டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறதாம். பட்டறையில் நேரம் கிடைக்கும்வரை வண்டியைத் தொடமாட்டாராம். ஒரு விளக்குக்குப் பயந்து மனிதன் இறங்கி நடப்பதை இந்த நாட்டில்தான் கண்டேன். ஊரில் என் வண்டியிலும் இதே விளக்கு எரிந்தது. என் தம்பி சேவியர் அதன்மேல் மாதா ஸ்டிக்கர் ஒட்டிவிட்டான். கண்ணுக்குத் தெரியாதது இல்லாதது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வெளிநாட்டில் இருக்கும் எனக்கும் அந்தச் சட்டம்தான்.

என் வண்டி என்று சொல்வதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. சவூதியில் நர்ஸாக இருந்தபோது ஊரில் வாங்கிய சின்னக் கார். இன்றைக்கும் என் பெயரில்தான் இருக்கிறது. மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில், கடலோரத்தில் உள்ள எங்கள் வீட்டில் என் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் அது ஒன்றுதான். நான் படுத்த அறையில் தம்பியின் பெண்பிள்ளைகள் படுக்கிறார்கள். என் அலமாரியில் அவன் மனைவி ஜெனிட்டாவின் சேலைகள். விடுமுறைக்குப் போனால் எனக்கென்று கண்ணாடித் தட்டு கீழே இறங்குகிறது, கடையில் வாங்கிய தண்ணீர் வருகிறது. அம்மாகூட என்னிடம் உரிமையாக "இரிட்டீ" என்று சொல்வதை விட்டுவிட்டு, "இரி மக்கா, இரி" என்று வந்தவளை உட்காரவைக்கிற மாதிரிச் சொல்கிறாள். யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை. அதனால் சண்டை போடவும் வழியில்லை. அந்த வண்டியின் இரண்டாவது சாவியை மட்டும் இங்குள்ள என் கார் சாவியோடு ஒரே வளையத்தில் மாட்டி, இத்தனை வருடமாகக் கைப்பையில் சுமந்து திரிகிறேன்.

போன விடுமுறையில் திருவனந்தபுரத்தில் இறங்கி வெளியே வந்தால் தம்பியைக் காணோம். போன் செய்தேன். "யக்கா, வண்டி ஸ்டார்ட் ஆவல்ல. நீ ஒரு டாக்ஸி பிடிச்சு வந்துரு" என்றான். கூட்டிப்போக ஆள் வராத ஒரே பயணி நான்தான் என்று அப்போது தோன்றியது. வீட்டுக்கு வந்தால் தென்னைமரத்தடியில் வண்டி பளபளவென்று நிற்கிறது. கதவைத் திறந்ததும் சோப்பு வாசனை. சாவியைத் திருகினேன், பிணம் மாதிரிக் கிடந்தது. சாப்பாட்டின்போது தம்பி மெதுவாக ஆரம்பித்தான். "பழய வண்டில்லா. ஆக்கர் கடைக்காரன் பழய இரும்புன்னு எடைக்கு எடுப்பான். குடுத்துருவமா?" ஜெனிட்டா தலையாட்டினாள். எடைக்குப் போடச் சொல்வது வண்டியையா என்னையா என்று எனக்குப் புரியவில்லை. "எனக்க வண்டிய எடைக்குப் போட நீ யாருலே?" என்று கத்தினேன். பிள்ளைகள் தட்டோடு எழுந்து போனார்கள். அன்றிலிருந்து நானும் தம்பியும் அம்மா வழியாகத்தான் பேசினோம்.

கயிறு கட்டி இழுத்து தக்கலையில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் ஜெபசிங்குக்கு வேலையைவிடப் பேச்சு அதிகம். முன்சீட்டில் இருப்பவர் கால் நீட்டும் இடத்துக்கு மேலே கையை விட்டு ஒரு தகரப் பெட்டியைக் கழற்றினார். அதுதான் ஈசிஎம், எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று சொல்கிற கணினி. மூடியைத் திறந்ததும் தண்ணீர் சொட்டியது. உள்ளே பச்சைக் களிம்பு.

"இதுக்குள்ள எப்பிடிவே வெள்ளம் போச்சு? ஆத்துல எறக்குனியளா?"

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு, "உள்ள கழுவுனேன்" என்றான்.

மீன் வியாபாரம் செய்கிறவன் அவன். காலையில் ஏலம் எடுத்த மீனைப் பெட்டியில் அடுக்கி என் வண்டியின் பின்சீட்டில்தான் சந்தைக்கு ஏற்றிப்போவான். முந்தின விடுமுறையில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, இது காரா மீன் கூடையா என்று கேட்டிருந்தேன். அதற்காக, நான் வருவதற்கு முந்தின நாள், சீட்டையெல்லாம் கழற்றி வெளியே போட்டுவிட்டு, மீன்பிடி வள்ளம் கழுவுகிற பம்பைக் கொண்டுவந்து, காரின் உள்ளே மேலும் கீழும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவியிருக்கிறான். கரைக்கு வந்த வள்ளத்தை அப்படித்தான் கழுவுவோம். அடித்த தண்ணீர் ஓட்டை வழியே தானாக வெளியே போய்விடும். எங்கள் ஆட்களுக்கு ஓஸ் பைப்பால் அடிக்காத எதுவும் சுத்தம் ஆனதாகக் கணக்கில்லை.

ஜெபசிங் விழுந்து விழுந்து சிரித்தார். "கடப்புறத்து ஆளுவளுக்கு எது கையில கெடச்சாலும் வள்ளம்தான்" என்று பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. "வேலையை மட்டும் பாரும். ஊர்க்கத ஒம்மகிட்ட கேக்க வரல்ல" என்றேன். நான் வந்த பிறகு தம்பி முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தான். அது ஆட்டோவில் ஏறும்வரைக்கும்தான். ஏறினதும் நான், "ஒரு துணிய நனச்சுத் தொடச்சாப் போராதா?" என்று ஆரம்பித்தேன். "நாறுதுன்னு சொன்னது நானா?" என்றான்.

அந்த மாடலுக்குப் புதுக் கணினி இப்போது வருவதில்லை. ஜெபசிங் கோயம்புத்தூரில் உடைக்கப்போட்ட ஒரு வண்டியிலிருந்து பழைய பெட்டி ஒன்றை வரவழைத்தார். அதோடு அரிசி மணி அளவில் ஒரு சிப்பும் வந்தது. சாவிக்குள் அந்தச் சிப் இருந்தால்தான் அந்தப் பெட்டி எஞ்சினை எழுப்பும். எங்கள் பழைய சாவிகளை அதற்குத் தெரியாது. கதவைத் திறக்கலாம், உட்காரலாம், ஓட்ட முடியாது. பழைய பெட்டியிலிருந்து விவரங்களை எடுத்து இதில் ஏற்றலாம் என்றால், அது அழுகிப்போய்விட்டது.

"சிப்பு ஒண்ணுதான் உண்டு. யாருக்க சாவில வைக்கட்டு?" என்று கேட்டார்.

நானும் தம்பியும் ஒரே நேரத்தில் சாவியை மேசைமேல் வைத்தோம்.

"வண்டி எனக்க பேருல" என்றேன். தம்பி தன் சாவியை எடுத்துக்கொண்டு சாலையோரமாகப் போய் நின்றான். எனக்கு ஜெயித்த சந்தோஷம் இருந்தது, மறைக்கமாட்டேன். என் சாவியைப் பிளந்து சிப்பை வைத்துக்கொண்டே ஜெபசிங், "இன்னொரு சாவிக்கும் சிப்பு அடிக்கலாம், திருவனந்தபுரத்துல ஆளு உண்டு. ஆனா ரெண்டு சாவியும் சேந்து போவணும். இது பக்கத்துல இல்லாம அதுக்கு அடிக்க முடியாது" என்றார். நான் ஊரில் இருந்த மிச்ச நாட்களில் இரண்டு சாவியும் ஒரே கூரைக்குக் கீழேதான் கிடந்தன. போகலாம் வா என்று நான் சொல்லவில்லை. போவோமா என்று அவன் கேட்கவில்லை. நான் புறப்பட்ட அன்று, ஓடுகிற வண்டி முற்றத்தில் நிற்க, அவன் எனக்காக டாக்ஸி கூட்டிவந்தான். பெட்டியை ஏற்றிவிட்டு டாக்ஸிக்காரரிடம், "பாத்துப் போங்க" என்றான். அதை என்னிடம் சொல்லவில்லை. சாவி என் கைப்பையில் இருந்தது.

வளையத்தில் எதற்கு இரண்டு சாவி என்று பிரெண்டன் ஒருநாள் கேட்டபோது எல்லாவற்றையும் கொட்டினேன். தம்பி காரின் உள்ளே பம்ப் அடித்ததைச் சொல்லும்போது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை ஆட்டி, "ஹி இஸ் வெரி குட் டு யூ" என்றார். உன்மேல் அவனுக்கு எவ்வளவு பிரியம் என்று அர்த்தம். ஜெபசிங் சிரித்ததைவிட அது எனக்கு அதிகமாகச் சுட்டது. கேலி செய்கிறார் என்று நினைத்து, சில நாட்கள் அவரைக் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். அவர் கேலி செய்யவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று அம்மா போனில் பேசினாள். தம்பி இப்போது வாடகை ஆட்டோவில்தான் சந்தைக்கு மீன் கொண்டுபோகிறானாம். சாயங்காலம் வந்ததும் கார்க் கதவைத் திறந்து உள்ளே போய் உட்காருகிறானாம்.

"ஓட்ட முடியாதுல்லா. சும்மா இருப்பான், பிறவு எறங்கி வருவான்."

"இப்பவும் நாறுதா?" என்று கேட்டேன்.

"இல்ல மக்கா. மீன் ஏத்துனாத்தான நாறும்."

அவன் சாவியைக் கேட்கவில்லை. கேட்டால் மறுநாளே அனுப்பிவிடுவேன். அவன் கேட்கமாட்டான், கேட்காமல் நான் அனுப்பமாட்டேன், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் நாங்கள். இன்று காலை டியூட்டிக்குக் கிளம்பினபோது இங்குள்ள என் காரின் கண்ணாடி முழுக்கப் பனி உறைந்திருந்தது. எஞ்சினை ஓடவிட்டு, பனி இளகட்டும் என்று உள்ளே உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. வளையத்தில் ஊர்ச் சாவி ஆடிக்கொண்டிருந்தது. அங்கே அந்நேரம் மதியம் ஆகியிருக்கும். அவன் வண்டிக்குள் போய் உட்கார இன்னும் நேரமிருந்தது.